துணைக்கால்

இரங்கல் செய்தி ஏழே வரி.
செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் பிறப்பு,
சிங்கப்பூரில் இறையியல்,
டர்ஹாமில் எபிரேயம்,
அறுபத்து மூன்றில் குருப்பட்டம்,
பத்தாங் பெர்ஜுந்தையில் இருபத்தெட்டு வருடம்,
அச்சான ஆய்வுக் கட்டுரைகள் பதினொன்று,
மணமாகாதவர்.
மாடுகளைப் பற்றி ஒன்றுமில்லை.

நான் தோட்ட ஆபீஸ் கிராணி.
சனிக்கிழமை மதியம் துரை கிளப்புக்குக் கிளம்பியதும்
எலியேசர் மாசிலாமணி பாதிரியார்
ஹோண்டா கப்பை எண்ணெய்ப் பீப்பாயில் சாய்த்துவிட்டு
கைப்பிரதியோடு வருவார்.
அங்கியின் விளிம்பெல்லாம் செம்மண்.
எங்கள் தட்டச்சில் எபிரேயம் கிடையாது.
அந்த எழுத்து வரும் இடங்களில்
ஆறு தட்டு வெற்றிடம் விட்டுத் தருவேன்.
ராத்திரியில் பேனாவால்
வலமிருந்து இடமாக நிரப்பிக்கொள்வார்.
பால்வெட்டுக் கோடு இடமிருந்து வலமாக இறங்குவது.
"நான் எதிர்த்திசையில் வெட்டுகிறேன் தாயி,
அதனால்தான் பால் குறைவு" என்பார்.

நாலே அதிகாரம்.
மீன் விழுங்கித் துப்பிய ஓர் ஆள்,
அவனுக்குப் பிடிக்காத ஒரு பட்டணம்,
ஒரே ராத்திரியில் வளர்ந்து
புழு அரித்து வாடிய ஒரு செடி.
இதற்குத்தான் இத்தனை வருடம்.
அது ஆமணக்கா சுரையா என்பதற்கு மட்டும் நாற்பது பக்கம்.
ஐந்தாம் லயத்துச் சாக்கடையோரம் நின்ற ஆமணக்கை
அளவுநாடாவோடு வந்து தினமும் அளந்தார்.
பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்தான்.

கடைசி வசனத்தில்தான் தகராறு.
இத்தனை சனமும் இத்தனை கால்நடையும் இருக்கிற ஊருக்கு
நான் இரங்க மாட்டேனா
என்று கடவுள் கேட்கிறார்.
ஆனால் மூலத்தில் கேள்விக்குறி இல்லையாம்,
கேள்விச் சொல்லும் இல்லையாம்.
இரங்க மாட்டேன் என்றும் படிக்க இடமிருக்கிறதாம்.
"தமிழில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்.
ஆனால் இது கேள்விதான். தொனி இருக்கிறது."
எந்தத் தொனி என்று நான் கேட்கவில்லை.
சம்பளப் பட்டியல் பாக்கி கிடந்தது.

எண்பத்தேழில் தோட்டம் கைமாறியது.
பால்மரங்களுக்கு விஷம் பூசிச் செம்பனை நட்டார்கள்.
அதே தட்டச்சில் நான்தான் அடித்தேன்:
இளங்கன்றுகளை மாடுகள் மேய்கின்றன,
முப்பத்தோராம் தேதிக்குள் அனைத்தும் அகற்றப்பட வேண்டும்.
வெற்றிடம் விட வேண்டியிராத பக்கம்.
ஒரு பிழையும் இல்லாமல் அடித்தேன்.

மூன்று லாரி, அறுபத்து நாலு மாடு.
ரவாங்கிலிருந்து வந்தவன் சொன்னதுதான் விலை.
சடையம்மாளின் செவலை
பலகையில் மூன்று கால் வைத்துவிட்டு
நாலாவதை எடுக்கவே இல்லை.
பாதிரியார் எங்கிருந்தோ ஓடிவந்து
அதன் பின்தொடையில் தோள் கொடுத்து நின்றார்.
ஏற்றவா, ஏறவிடாமல் தடுக்கவா,
எனக்கு இன்றைக்கும் தெரியாது.
அங்கியில் சாணி வழிய நின்றவரை
மண்டோர்தான் கைப்பிடித்து விலக்கினார்.

அடுத்த சனிக்கிழமை வந்தார்.
கடைசிப் பக்கத்தைக் கேட்டு வாங்கி
அந்தக் கேள்விக்குறியை அழித்தார்.
மறுவாரம் பேனாவால் போட்டார்.
அதற்கடுத்த வாரம் பிளேடால் சுரண்டினார்.
ஆறேழு மாதம் இப்படியே.
ஆமணக்கு ஆராய்ச்சியெல்லாம் முடிந்து
லண்டன் பதிப்பகம் கடிதம் போட்டும்
"இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது" என்றே பதில் எழுதச் சொன்னார்.
சுரண்டிச் சுரண்டி அங்கே
மிளகளவு ஓட்டை விழுந்தது.

ஊருக்கே இப்போது வேறு பெயர்.
பேராயர் அலுவலகத்திலிருந்து ஒரு பையன் வேனில் வந்து
பெட்டிகளை எண்ணி ஏற்றிக்கொண்டு போனான்.
அந்தப் பக்கத்தை மட்டும் நான் தரவில்லை.
நான் மாரியம்மன் கோயில்காரி,
அவர்கள் வழக்கில் எனக்கென்ன வேலை.
கேட்டிருந்தால் ஓட்டையில்லாத தாளில்
புதிதாக அடித்தே கொடுத்திருப்பேன்.
எப்படி முடிக்க என்றுதான்
அவர் சொல்லவே இல்லை.